300 ரூபாய் டிக்கெட்டும் இரவல் போன புத்தகங்களும்: பாளையங்கோட்டையில் ஒரு நிதி திரட்டும் வாசிப்பு

போன சனிக்கிழமை சாயங்காலம் பாளையங்கோட்டையில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். ஏரல் பக்கம் ஓர் ஊரில் இருக்கிற சின்னப் படிப்பகத்துக்கு நிதி திரட்டுவதற்காக நடந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த எழுத்தாளர்கள் மூன்று பேர் ஒரே மேடையில். டிக்கெட் 300 ரூபாய், மாணவர்களுக்கு 50. மதுரையிலிருந்து பஸ் பிடித்துப் போய், ராத்திரி அத்தை வீட்டில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் திரும்பினேன். எடுத்ததுமே சொல்லிவிடுகிறேன், கொடுத்த காசுக்கும் அலைச்சலுக்கும் முழுக்கத் தகும். குறைகளும் இருந்தன, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதை இன்னொரு தடவை நடத்தப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அது இதைவிட நன்றாக நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

எழுத்தாளர்களின் பெயரை நான் இங்கே போடவில்லை. இரண்டு பேர் இன்னும் அச்சுக்குப் போகாததை வாசித்தார்கள், அதைப் பற்றி வெளியே பெயர் சொல்லி எழுத வேண்டாம், ரெக்கார்டும் பண்ண வேண்டாம் என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் சிறுகதைக்காரர், ஒருவர் கவிஞர், ஒருவர் நாவலாசிரியர். இது போதும்.

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் தெற்கே பெய்த மழையை அந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு அப்படியே நின்றுபோனதும், பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் இருந்ததைச் சமைத்துக்கொண்டு போய் அவர்களுக்குச் சாப்பாடு போட்டதும் பேப்பரில் வந்தது. பேப்பரில் வராமல் போனவை எத்தனையோ, அதில் ஒன்றுதான் இந்தப் படிப்பகம். ஓர் அறை, ஒரு நீளப் பெஞ்சு, நான்கு மர அலமாரி, சுமார் 1,900 புத்தகம். அந்த ராத்திரி ஆற்றுத் தண்ணீர் உள்ளே வந்தது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு ஓர் ஆள் உயரத்துக்கு இருக்கிறதாம்.

படிப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு தையல்காரர். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன். மண்டபத்துக்குள் நுழைந்ததும் வலது பக்கம் ஒரு மேஜை போட்டு, அதன் மேல் வெள்ளத்தில் போன புத்தகம் ஒன்றை வைத்திருந்தார். வேறு அலங்காரம் ஏதும் இல்லை. தொட்டுப் பார்க்கலாம் என்று ஓர் அட்டையில் எழுதியிருந்தது.

அத்தைதான் முதலில் கையில் எடுத்தாள். முப்பது வருஷம் தமிழாசிரியையாக இருந்தவள். "ஏட்டி, இதைக் கொஞ்சம் பிடிச்சுப் பாரேன்" என்று என்னிடம் நீட்டினாள். ஒரு செங்கல்லைப் பிடித்த மாதிரி இருந்தது. பக்கங்கள் ஊதிப் பெருத்து, காய்ந்து, ஒன்றோடொன்று இறுகிக் கட்டியாகிவிட்டன. ஓரத்தை நகத்தால் நெம்பினால் தாள் பிரியவில்லை, பொடியாக உதிர்ந்தது. விரலில் வண்டல் ஒட்டியது, சாம்பல் நிறத்தில், மாவு போல. மோந்து பார்த்தேன். புத்தக வாசனை துளிகூட இல்லை, குளத்தடி வாசனைதான் வந்தது. நடுவில் ஒரே ஓர் இடத்தில் இரண்டு பக்கம் பிரிந்திருந்தது, அதில் பாதி வரி படிக்க முடிந்தது. ஒரு குழந்தைக் கதை. வண்ணப் படம் போட்ட வழவழப்பான தாள் நனைந்தால் அப்படித்தான், ஒட்டிக்கொண்டுவிட்டால் பிறகு பிரிக்கவே வராது. சாதாரணத் தாள் என்றால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு, ஆனால் அதற்கும் இரண்டு நாளுக்குள் காய வைக்க வேண்டும், இல்லையென்றால் பூஞ்சணம் பிடித்துவிடும். பெரிய நூலகங்களில் நனைந்த புத்தகத்தை உறையும் குளிரில் வைத்துவிட்டு அப்புறம் நிதானமாக உலர்த்துவார்கள். கரண்டும் இல்லாமல், குடிக்கத் தண்ணீரும் இல்லாமல் தவித்த ஊரில் அதற்கெல்லாம் எங்கே போவது? முதலில் மனுஷரைப் பார்க்க வேண்டுமே.

அந்த மேஜைக்கு நேர் எதிரே இன்னொரு மேஜை. அதில் 63 புத்தகம், நல்ல நிலையில். முதலில் எனக்குப் புரியவில்லை. நன்கொடையாக வந்த புதுப் புத்தகமா என்று கேட்டேன். அண்ணாச்சி சொன்னார்: "இல்லம்மா, இதெல்லாம் அன்னைக்கு இரவல் போயிருந்த புஸ்தகம். மேட்டுத் தெருக்காரங்க வீட்டுல இருந்துச்சு. தண்ணி வடிஞ்ச பொறவு ஒவ்வொருத்தரா கொண்டாந்து குடுத்தாங்க."

அலமாரியில் பத்திரமாக இருந்ததெல்லாம் போய்விட்டது, வெளியே போன புத்தகம்தான் பிழைத்திருக்கிறது. இரவல் ரிஜிஸ்டரும் பக்கத்திலேயே இருந்தது, அது அவருடைய தையல் கடைப் பரணில் கிடந்ததால் தப்பித்ததாம். அதில் கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். 2023 டிசம்பர் 16, சனிக்கிழமை, ஏழு பெயர், ஏழு கையெழுத்து, ஒன்று மட்டும் கைநாட்டு. கைநாட்டு வைத்தவர் யாருக்காக எடுத்துப் போனாரோ, பேத்திக்காக இருக்கலாம். அந்தப் பக்கத்தின் முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன்.

சரி, நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு நிறையப் போயிருக்கிறேன், ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் சேர்க்க எழுத்தாளர்களைக் கூப்பிட்டால் வழக்கமாக என்ன நடக்கும் என்பது தெரியும். குத்துவிளக்கு ஏற்ற ஐந்து பேர். வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, வாழ்த்துரை. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, போட்டோ. எழுத்தாளர் மைக்கைப் பிடிக்கும்போது மணி எட்டாகியிருக்கும், "நேரம் கருதிச் சுருக்கமாக" என்று ஒரு சீட்டு அவர் கைக்குப் போகும். வந்தவர்கள் யாருக்காக வந்தார்களோ அவருக்குப் பத்து நிமிஷம். இங்கே அதைச் சுத்தமாக எடுத்துவிட்டார்கள். விளக்கு இல்லை, மாலை இல்லை. அழைப்பிதழிலேயே ஒரு வரி போட்டிருந்தது: பொன்னாடைக்குச் செலவழிக்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் கொடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக்கொள்ளவும்.

அந்தக் கொடி என்னவென்றால், மண்டபத்தின் இடது சுவர் முழுக்க மூன்று வரிசையாக நைலான் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு, சின்னச் சின்னச் சீட்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் அந்த ஊர்ப் பிள்ளைகளும் பெரியவர்களும் தங்களுக்கு வேண்டிய புத்தகத்தைத் தங்கள் கையாலேயே எழுதியிருந்தார்கள், கீழே விலை. நமக்குப் பிடித்ததை எடுத்துப் பணம் கட்டினால், அந்தப் புத்தகத்தை அவர்களே வாங்கி உள்ளே நம் பெயரை எழுதி வைப்பார்கள். மொத்தம் 212 சீட்டு. பழைய புத்தகம் கண்டிப்பாக வாங்குவதில்லை என்றும் எழுதிப் போட்டிருந்தார்கள். இதைப் படித்ததும் கொஞ்சம் கறாராகத் தெரிந்தது, அண்ணாச்சியிடம் கேட்டபோது நியாயம் புரிந்தது. வெள்ளம் முடிந்த முதல் மாதத்தில் புத்தகம் வேண்டும் என்று சொன்னதும் மூட்டை மூட்டையாக வந்திருக்கிறது, பிரித்தால் பழைய பாடத்திட்டத்து கைடு, அட்டை இல்லாத வார இதழ்கள், பத்து வருஷத்துக்கு முந்தின போட்டித் தேர்வுப் புத்தகம். அதைப் பிரித்து அடுக்கி எடைக்குப் போடவே அவருக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கிறது, தையல் வேலையை விட்டுவிட்டு. கொடுப்பவர்கள் நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பார்கள். ஆனால் வீட்டில் இடத்தை அடைத்ததையெல்லாம் வெள்ளத்தில் இழந்தவர்களுக்கு அனுப்புவது உதவி ஆகாது, இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

சீட்டுகளைப் படிப்பதே தனி வாசிப்பு. "செஸ் விளையாட்டு கத்துக்கிற புத்தகம், படத்தோட." "வாழை நோய் பத்தி." அந்தப் பக்கம் வாழை விவசாயம்தானே, பெரியவர் யாரோ எழுதியிருக்கிறார். "பேய்க் கதை வேணும், ஆனா ரொம்பப் பயமா இருக்கக் கூடாது." இதை நான் எடுத்துக்கொண்டேன். எழுத்து கோணல்மாணலாக, "பேய்" மட்டும் பெரிதாக எழுதி இரண்டு தடவை அடிக்கோடு. விலை போடவில்லை, எந்தப் புத்தகம் என்றும் இல்லை. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டால், "அக்கா, அத நீங்களேதான் தேடி வாங்கி அனுப்பணும், எங்களுக்கு எது ரொம்பப் பயம் எது கொஞ்சம் பயம்னு தெரியல" என்றாள். நாலாம் வகுப்புப் பையனாம்.

நாலரைக்கு என்று போட்டிருந்தது, நாலு நாற்பதுக்குத் தொடங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் முழுசாக நாற்பது நிமிஷம். பேச்சே கிடையாது, வாசிப்பு மட்டும்.

சிறுகதைக்காரர் முதலில். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, ஒரு கதையை எடுத்து, தலைப்பைக்கூடச் சொல்லாமல் வாசிக்க ஆரம்பித்தார். அவருடைய கதைகளை இருபது வருஷமாகப் படிக்கிறேன், வாக்கியங்கள் வேகமாக ஓடுகிற மாதிரிதான் என் மனசுக்குள் கேட்கும். அவர் வாசிக்கிறபோதுதான் தெரிந்தது, அவர் காதில் அது எவ்வளவு நிதானமாக ஓடுகிறது என்று. ஒரு பாத்திரம் பதில் சொல்லாமல் இருக்கிற இடத்தில் அவரும் நிஜமாகவே நிறுத்தினார், தண்ணீர் குடித்தார், டம்ளரை வைத்தார், அப்புறம்தான் அடுத்த வரி. அந்த இடைவெளியில் மண்டபத்தில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. வீட்டுக்கு வந்து அவருடைய பழைய தொகுப்பு ஒன்றை எடுத்து அந்த வேகத்தில் படித்துப் பார்த்தேன், நான் இத்தனை நாள் தாண்டிப் போயிருந்த வரிகள் எல்லாம் எழுந்து நிற்கின்றன. 300 ரூபாய்க்கு இதுவே கிடைத்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

கவிஞர் பன்னிரண்டு கவிதை வாசித்தார், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. ஏன் என்று அவரே சொன்னார். திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்கிற இலக்கிய வட்டத்தில் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி அனுபவிப்பார்களாம், அந்த ஊரில் வந்து ஒரே தடவை வாசித்துவிட்டுப் போகத் தனக்கு மனசு வரவில்லை என்றார். முதல் தடவை கேட்கும்போது அர்த்தத்தைப் பிடிக்கத்தான் நமக்கு நேரம் இருக்கிறது. இரண்டாவது தடவைதான் சத்தம் காதில் விழுகிறது. மீனைப் பற்றிய ஒரு கவிதை, எட்டே வரி, இரண்டாவது தடவை வாசித்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்த காலேஜ் பையன் உதட்டை அசைத்துக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தான்.

நடுவில் அவர் சொன்ன ஒரு விஷயம்தான் அன்றைக்கு எல்லாரையும் பிடித்து உலுக்கியது. உ.வே.சா. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போன கதை. வரகுணபாண்டியன் காலத்து ஏடுகள் அங்கே இருக்கும் என்று நம்பிப் போனால், பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட வேண்டும் என்று ஆகமத்தில் சொல்லியிருப்பதாகச் சொல்லி அத்தனையையும் நெருப்பில் போட்டிருக்கிறார்கள். இது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு, வாசலில் இருந்த அந்த 63 புத்தகத்தைக் கையால் காட்டி, நம்மிடம் இன்றைக்கு இருக்கிற பழைய நூல்களும் இப்படித்தான் பிழைத்தன, யாரோ ஒருவர் படி எடுத்து யாருக்கோ கொடுத்ததால், கொடுக்கப்பட்ட வீட்டில் தீயோ தண்ணீரோ வராததால் என்றார். குரலை உயர்த்தவில்லை. கைதட்டலுக்கும் காத்திருக்கவில்லை, அடுத்த கவிதைக்குப் போய்விட்டார்.

நாவலாசிரியர் செய்தது எதிர்பாராதது. எழுதிக்கொண்டிருக்கிற நாவலின் ஓர் அத்தியாயத்தைக் கொண்டுவந்திருந்தார். வாசித்து முடித்துவிட்டு, கடைசிப் பத்தியை இன்னொரு தடவை படித்து, இது வேண்டுமா வேண்டாமா என்று ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை, நீங்கள் சொல்லுங்கள் என்று சபையிடம் விட்டுவிட்டார். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்வரிசையில் ஒருவர் வேண்டும் என்றார், அந்தப் பத்தி இல்லாவிட்டால் அந்த அம்மா ஏன் வீட்டுக்குத் திரும்பினாள் என்றே தெரியாது என்று. உடனே என் அத்தை எழுந்துவிட்டாள். "சார், அவ அடுப்பப் பத்த வைக்கிறான்னு முந்தின வரியிலயே எழுதிட்டீங்க. அதுக்கு மேல என்ன சொல்லணும்?" அவர் பேனாவை எடுத்து அங்கேயே ஏதோ குறித்துக்கொண்டார். பத்தியை அடித்தாரா என்று எனக்குத் தெரியாது, புத்தகம் வந்தால் தெரியும். அத்தை ராத்திரி தூங்கப் போகும்வரைக்கும் அதையே பேசிக்கொண்டிருந்தாள், எழுபத்தொரு வயசில் ஒரு நாவலின் கடைசிப் பத்தியைப் பற்றி ஒருவர் தன்னிடம் அபிப்பிராயம் கேட்டதை.

இதற்குப் பிறகுதான் ஏலம். ஏலம் போடுவதற்குத் தூத்துக்குடி மீன் ஏலக்கூடத்தில் ஏலம் கூறுகிறவர் ஒருவரையே அழைத்து வந்திருந்தார்கள், இதை யோசித்தவருக்கு என் வணக்கம். ஏலத்துக்கு வந்தவை ஒன்பது. அதில் ஆறு, அந்த எழுத்தாளர்கள் தாங்கள் படித்து, அடிக்கோடு போட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்த சொந்தப் புத்தகங்கள். மற்றவை ஒரு கையெழுத்துப் பிரதி, கவிஞரின் ஒரு நோட்டுப் புத்தகம், அப்புறம் சிறுகதைக்காரரின் முதல் கதையைத் திருப்பி அனுப்பிய ஒரு பத்திரிகையின் பழுப்பேறிப்போன கார்டு.

ஏலக்காரர் ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் ஏந்தி, அதில் என்ன இருக்கிறது என்று முதலில் தான் பார்த்து, ஓரத்தில் எழுதியிருந்த ஒரு வரியை உரக்கப் படித்துவிட்டுத்தான் விலை கேட்டார். "ஆயிரத்து ஐந்நூறு ஒரு தரம்" என்று தொடங்கினால் மண்டபம் மார்க்கெட் மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கார்டுக்கு நல்ல போட்டி. சட்டைப் பையில் பேனா குத்தியிருந்த ஓர் இளைஞர், ஒரு டாக்டர், ஒரு ஜவுளிக்கடைக்காரர் மூவரும் ஏற்றிக்கொண்டே போனார்கள். ஜவுளிக்கடைக்காரர்தான் எடுத்தார், 9,500 ரூபாய்க்கு. இளைஞர் ஆறாயிரத்தில் நின்றுவிட்டார். கூட்டம் முடிந்ததும் அந்த இளைஞர் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டு நிற்பதையும், சிறுகதைக்காரர் அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பதையும் பார்த்தேன். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, அது அவர்கள் இரண்டு பேருக்கும் உள்ளது.

இங்கேதான் என் முதல் குறை. அடிக்கோடு போட்ட புத்தகங்கள் எல்லாமே வசதியானவர்களிடம்தான் போயின. அன்றைக்கு வந்திருந்த மாணவர்களில் அந்த ஓரக் குறிப்புகளை எழுத்தெழுத்தாகப் படிக்கக்கூடியவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஏலத்தில் பணம் வர வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒன்றையாவது ஏலத்தில் விடாமல், 50 ரூபாய் டிக்கெட் எடுத்தவர்களுக்குள் குலுக்கல் போட்டிருக்கலாம்.

இரண்டாவது குறை பெரியது. மண்டபம் முதல் மாடியில், படி செங்குத்து, லிப்ட் இல்லை. படிப்பகத்தின் ஊரிலிருந்து வேனில் வந்த வயசானவர்களில் இரண்டு பேரை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் தூக்கி வந்தார்கள். யாருக்காக நடக்கிறதோ அவர்களே கஷ்டப்பட்டு ஏறுவது எனக்குப் பொறுக்கவில்லை. பாளையங்கோட்டையில் தரைத்தளத்தில் மண்டபத்துக்கா பஞ்சம்?

அப்புறம் ஒரு பெரிய நன்கொடையாளர். பேச்சு கிடையாது என்ற விதியை அவருக்கு மட்டும் தளர்த்தினார்கள், அவர் இருபத்தைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். பணம் கொடுத்தவர்தான், நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதனால் கடைசியில் வைத்திருந்த கேள்வி நேரம் கால் மணியாகக் குறைந்தது, கையைத் தூக்கிக்கொண்டே இருந்த மூன்று பெண்களுக்கு மைக் போகவே இல்லை. விதி என்றால் எல்லாருக்கும் விதி. கையெழுத்து வாங்குகிற வரிசையும் வரிசையாக இல்லை. டோக்கன் கொடுத்திருந்தால் தள்ளுமுள்ளு இருந்திருக்காது.

கேண்டீனை ஊர் மகளிர் குழு நடத்தியது. உளுந்தங்களி, சுண்டல், உடன்குடிக் கருப்பட்டி போட்ட காபி. களியில் நல்லெண்ணெய் தாராளம், நடுவில் குழி பண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள். வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை, இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

கணக்கைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் நான் போன எந்த நிதி நிகழ்ச்சியிலும் இதைப் பார்த்ததில்லை. எட்டரை மணிக்கு, எல்லாரும் இருக்கும்போதே, மேடை ஓரத்தில் ஒரு கரும்பலகையை நகர்த்தி வந்து சாக்பீஸால் எழுதினார்கள். டிக்கெட் 61,200. கொடிச் சீட்டு 38,640. ஏலம் 74,500. கேண்டீன் 6,260. உண்டியல் 11,385. கூட்டினால் 1,91,985. மண்டபம், மைக், அச்சுச் செலவு 27,640 கழித்து மிச்சம் 1,64,345. எழுத்தாளர்கள் பணம் ஏதும் வாங்கவில்லை, பஸ் டிக்கெட் அவர்கள் செலவு. சீட்டுப் பணம் புத்தகத்துக்கு, மற்றது மொட்டை மாடியில் ஓர் அறை கட்டுவதற்கு. இனிமேல் புத்தகம் மாடியில்தான், கீழே பேப்பர் படிக்கிற பெஞ்சு மட்டும் என்று அண்ணாச்சி சொன்னார்.

பக்கத்தில் ஒருவர் கேட்டார், வீட்டு வரியோடு நூலக வரியும்தானே கட்டுகிறோம், இதற்கு எதற்குத் தனியாக வசூல் என்று. நியாயமான கேள்விதான். சென்னை மாகாணத்தில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்தது, அந்த வரி அதன் வழியாக வருவது, அது அரசுப் பொது நூலகங்களுக்குப் போகிறது. ஊர்க்காரர்கள் தாங்களே நடத்துகிற படிப்பகம் அந்தக் கணக்கில் வராது. இது ஓடுவதும் நிற்பதும் ஊர்க்காரர்கள் கையிலும் நம் கையிலும்தான்.

வருமான வரிக் கழிவு பற்றியும் ஒரு வார்த்தை. ரசீது அங்கேயே கொடுத்தார்கள், நிதியை வாங்குகிற அறக்கட்டளைக்கு 80ஜி பதிவு இருக்கிறது. ஆனால் இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவு கிடைக்காது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அது கிடையவே கிடையாது. இதைக் கவுண்டரிலேயே ஓர் அட்டையில் எழுதி மாட்டியிருந்தால், பத்தாயிரத்தை ரொக்கமாக நீட்டிய அந்தப் பெரியவருக்கு உதவியாக இருந்திருக்கும். அவர் பின்னால் வரிசையில் நின்ற நான்தான் சொன்னேன், பேத்தியைக் கூப்பிட்டு போன் வழியாக அனுப்ப வைத்தார்.

அடுத்த தடவை போக நினைப்பவர்களுக்கு: நாலு மணிக்கே போய்விடுங்கள், கொடிச் சீட்டுகளை நிதானமாகப் படிக்க அரை மணி நேரம் வேண்டும், நல்ல நல்ல சீட்டெல்லாம் சீக்கிரம் போய்விடுகிறது. உள்ளே சிக்னல் சரியாக எடுக்கவில்லை, கையில் கொஞ்சம் பணம் வைத்திருங்கள். இடது பக்கம் உட்காருங்கள், வலது பக்க ஸ்பீக்கர் இரைகிறது. கருப்பட்டி காபி ஆறரைக்கெல்லாம் தீர்ந்துவிட்டது.

பேய்க் கதைப் புத்தகம் இன்னும் வாங்கவில்லை. மதுரையில் இரண்டு கடையில் நின்று புரட்டிப் பார்த்துவிட்டேன், ஒன்று ரொம்பப் பயமாக இருக்கிறது, இன்னொன்றில் பயமே இல்லை. நாலாம் வகுப்புப் பையன் ராத்திரி தனியாகக் கொல்லைப்பக்கம் போகிற அளவுக்கு மட்டும் பயம் இருக்கிற புத்தகம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அத்தை ஏரல் போகிறாள், அவள் கையில் கொடுத்துவிட வேண்டும்.